மரவள்ளிப் பை மண்ணில் மட்குமா? சந்தேகங்களும் விளக்கங்களும்

ஒருமுறை பயன்படுத்தித் தூக்கியெறியும் பிளாஸ்டிக் பொருட்களுக்குத் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடை இருக்கிறது. அதன் பிறகு காய்கறிக் கடையிலும் துணிக்கடையிலும் ‘இது கிழங்கு மாவில் செய்தது, மட்கிவிடும்’ என்று சொல்லி ஒரு வகைப் பையைக் கொடுக்கிறார்கள். பார்வைக்கு அது பழைய கேரி பேக் போலவே இருக்கிறது. மரவள்ளி பயிரிடும் சேலம், நாமக்கல், தருமபுரி விவசாயிகளுக்கு இந்தப் பையின் மீது பெரிய எதிர்பார்ப்பு. கையில் வாங்குகிறவர்களுக்கோ அடுக்கடுக்காகச் சந்தேகம். மக்கள் பரவலாகக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே விளக்கம் தருகிறோம்.

தின்கிற கிழங்கிலிருந்து பிளாஸ்டிக் எப்படி வரும்?

பிளாஸ்டிக் என்பது ஒரே மாதிரியான சிறு மூலக்கூறுகள் நீளமாகக் கோத்துக்கொண்ட சங்கிலி. மாவுச்சத்தும் அப்படிப்பட்ட சங்கிலிதான். அதில் கோத்திருப்பது குளுக்கோஸ். பச்சை மரவள்ளிக்கிழங்கின் எடையில் ஏறக்குறைய கால் பங்கு மாவுச்சத்து இருக்கும். சேலத்து ஜவ்வரிசி (சேகோ) ஆலைகளில் கிழங்கைத் தோல் சீவி, அரைத்து, பாலை வடிகட்டி, திப்பியைப் பிரித்து, தொட்டியில் படியவிட்டு எடுக்கிறார்களே, அதே ஸ்டார்ச் மாவுதான் இதற்கும் மூலப்பொருள்.

அந்த மாவை அப்படியே உருக்க முயன்றால் கருகிப்போகும். அதனால் கிளிசரினும் கொஞ்சம் தண்ணீரும் சேர்த்து, திருகு பொருத்திய எந்திரத்துக்குள் 120 முதல் 160 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் அழுத்திப் பிசைகிறார்கள். மாவுக் குருணைகள் உடைந்து, சங்கிலிகள் பிரிந்து, இளகிய குழம்பாகின்றன. அதைக் கம்பியாக இழுத்து மணிகளாக நறுக்கிக்கொண்டால், பிறகு பாலிதீன் மணிகளைப் போலவே உருக்கி ஊதிப் பையாக்கலாம்.

மாவுப் பை என்றால் மழையில் கரைந்துவிடாதா?

வெறும் மாவில் செய்தால் நனைந்ததும் ஊறிக் குழைந்துவிடும். நனையாமல் வைத்திருந்தாலும் நாளாக ஆக மொறமொறவென்று விறைத்து விரிசல் விடும். சூடான சோறு ஆறியதும் விறைத்துப்போவதற்கு என்ன காரணமோ, அதுவேதான் இதற்கும்: பிரிந்த சங்கிலிகள் மறுபடி ஒன்றோடொன்று ஒட்டி அடுக்கிக்கொள்கின்றன.

இதைத் தடுக்கத்தான் வேறொரு பிளாஸ்டிக்கைக் கலக்கிறார்கள். பெரும்பாலும் அது பிபிஏடி என்ற பொருள். நுண்ணுயிர்கள் அதைச் சிதைத்துத் தின்னும் என்பது உண்மை. ஆனால் அது இன்று பெருமளவும் பெட்ரோலியத்திலிருந்து வருகிறது. ஆகவே ‘முழுக்க முழுக்க மரவள்ளி’ என்று எழுதிய கேரி பேக்கை நம்ப வேண்டாம். மாவு ஒரு பங்கு, மீதி இந்த வகைச் சேர்க்கை என்பதே பொதுவான கணக்கு. இதில் ஒளிக்க ஒன்றுமில்லை. விற்பவர்கள் வெளிப்படையாகச் சொன்னாலே மக்களின் பாதிச் சந்தேகம் தீரும்.

வெந்நீரில் கரைத்துக் குடித்தே காட்டுகிறார்களே, அது போதாதா?

இந்தோனேசியாவின் பாலித் தீவில் மரவள்ளிப் பை தயாரிக்கும் ‘அவனி’ நிறுவனத்தைத் தொடங்கியவர்களில் ஒருவரான கெவின் குமலா, பைத் துண்டைத் தண்ணீரில் கரைத்துக் குடித்துக் காட்டிய காணொலி உலகம் முழுவதும் பரவியது. அதைப் பார்த்துப் பலரும் வெந்நீரில் கரைந்தால் அசல், கரையாவிட்டால் போலி என்று ஒரு முடிவுக்கு வந்துவிட்டார்கள். இது தவறு.

பாலிவினைல் ஆல்கஹால் என்ற செயற்கைப் பொருளும் வெந்நீரில் கரையும். கரைவது வேறு, மட்குவது வேறு. மட்குவதென்றால் நுண்ணுயிர்கள் அதைத் தின்று கரியமில வாயுவாகவும் நீராகவும் தம் உடலாகவும் மாற்ற வேண்டும். அதேபோல, எரித்தால் காகித வாசம் வருகிறது என்பதும் சான்றாகாது. மட்கும் தரத்துக்கு முறையாகத் தேறிய பைகளில் பலவும் வெந்நீரில் கரையவே கரையா. யாரும் வீட்டில் பையைக் கரைத்துக் குடித்துப் பார்க்க வேண்டாம்.

கிழங்கில் நஞ்சு உண்டு என்கிறார்களே?

பச்சை மரவள்ளியில் சயனைடு தரும் பொருள் இருக்கிறது. ஆனால் அது நீரில் கரையக்கூடியது. மாவைத் திரும்பத் திரும்பக் கழுவும்போதே போய்விடுகிறது. பையைப் பற்றி இந்தப் பயம் தேவையில்லை. அந்தக் கழுவிய தண்ணீரைப் பற்றித்தான் கவலைப்பட வேண்டும். சேகோ ஆலைக் கழிவுநீர் ஓடையிலும் ஏரியிலும் கலந்தால் என்ன நாற்றம் வரும் என்பதைச் சேலம் சுற்றுவட்டாரத்தில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். அந்த நீரிலிருந்து சாண எரிவாயு போன்ற வாயு எடுக்கும் கலன்களைப் பல ஆலைகள் அமைத்துவிட்டன. பைக்காக மாவு உற்பத்தி பெருகுமானால், இந்தக் கலன் இல்லாத ஆலைக்கு அனுமதியே கொடுக்கக் கூடாது.

பயன்படுத்தியபின் தெருவில் போட்டால் தானே மட்கிவிடுமா?

மட்காது. குறைந்தபட்சம், நாம் நினைக்கும் வேகத்தில் மட்காது. இந்தப் பைகளைப் பற்றி மக்கள் தெரிந்துகொள்ள வேண்டிய முதல் செய்தியே இதுதான்.

இந்தியாவில் மட்கும் பைக்கான தரம் ஐ.எஸ்./ஐ.எஸ்.ஓ. 17088. இதில் தேற, 180 நாட்களுக்குள் பொருளின் கரிமத்தில் 90 சதவீதம் கரியமில வாயுவாக மாற வேண்டும். ஆனால் இந்தச் சோதனை நடப்பது தெருவோரத்திலோ சாக்கடையிலோ அல்ல. ஈரமும் காற்றும் சரியாக இருக்கும் உரக் குவியலில், 58 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில். நன்றாக எரு சூடேறும் பெரிய உரக்கிடங்கில்தான் அந்த வெப்பம் இருக்கும். வீட்டுத் தொட்டியிலோ காய்ந்த மண்ணிலோ நுண்ணுயிர்கள் அந்த வேகத்தில் வேலை செய்வதில்லை.

இங்கிலாந்தின் பிளிமத் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த இமோஜென் நாப்பரும் ரிச்சர்ட் தாம்சனும் 2019-இல் வெளியிட்ட ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டியது. பல வகைப் பைகளைக் கடலிலும் மண்ணிலும் வெளியிலும் போட்டுவைத்துப் பார்த்தார்கள். ‘மட்கும்’ என்று முத்திரையிட்ட பை கடலில் 3 மாதத்தில் காணாமல் போனது. அதே பை மண்ணுக்குள் 27 மாதம் ஆகியும் இருந்தது. சுமை வைத்தால் கிழிந்தது, அவ்வளவே. ‘உயிரிச்சிதைவு அடையும்’ என்று மட்டும் அச்சிட்டிருந்த இன்னொரு பையோ, மண்ணிலும் கடலிலும் 3 ஆண்டு கிடந்த பிறகும் சாமான் சுமக்கும் அளவுக்கு வலுவாக இருந்தது.

நம் ஊரில் சாக்கடையை அடைத்துக்கொள்ள 27 மாதம் வேண்டாம், ஒரு மழை போதும். கடைசியில் உரக்கிடங்குக்குப் போய்ச் சேராத மரவள்ளிப் பை, தெருவில் கிடக்கும் இன்னொரு குப்பைதான்.

மாடு தின்றால்?

மட்கும் தரச் சான்று உரக்குழியைப் பற்றியது. மாட்டின் வயிற்றைப் பற்றி அது எதுவும் சொல்வதில்லை. எந்தப் பையானாலும் மீந்த சோற்றை உள்ளே வைத்துக் கட்டித் தெருவில் எறியாதீர்கள்.

பழைய பிளாஸ்டிக்கோடு சேர்த்துக் காயலான் கடைக்குப் போடலாமா?

கூடாது. பாலிதீனோடு கலந்து உருக்கினால் மறுசுழற்சியில் கிடைக்கும் பொருளின் வலு குறையும். பார்த்தால் இரண்டும் ஒன்றுபோல இருப்பதால் பிரிப்பவருக்கும் சிரமம். இது ஈரக் குப்பையோடு போக வேண்டிய பொருள்.

சாப்பாட்டுக் கிழங்கைப் பையாக்கினால் உணவுக்குப் பஞ்சம் வராதா?

கணக்குப் போட்டுப் பார்ப்போம். மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின்படி 2020-21-இல் நாட்டில் சேர்ந்த பிளாஸ்டிக் கழிவு சுமார் 41 லட்சம் டன். அதில் பத்தில் ஒரு பங்கை, அதாவது 4 லட்சம் டன்னை, 40 சதவீதம் மாவு கலந்த பொருளால் ஈடுகட்டுவதாக வைத்துக்கொள்வோம். 1.6 லட்சம் டன் மாவு வேண்டும். ஒரு டன் மாவுக்கு 4 டன் கிழங்கு என்றால் 6.4 லட்சம் டன் கிழங்கு. ஏக்கருக்கு 12 டன் விளைந்தால் சுமார் 53 ஆயிரம் ஏக்கர். இது பஞ்சம் கொண்டுவரும் பரப்பல்ல. ஆனால் 41 லட்சம் டன்னையும் இப்படியே மாற்றிவிடலாம் என்று யாராவது கிளம்பினால், பரப்பு 5 லட்சம் ஏக்கரைத் தாண்டும். அப்போது இந்தக் கேள்வியை மறுபடி கேட்கத்தான் வேண்டும். பையைக் குறைக்காமல் பையின் சரக்கை மட்டும் மாற்றுவது தீர்வாகாது. துணிப்பைக்குத் திரும்பச் சொல்லி 2021 டிசம்பரில் தமிழ்நாடு அரசு தொடங்கிய ‘மீண்டும் மஞ்சப்பை’ இயக்கத்துக்குத்தான் முதல் இடம்.

விவசாயிக்கு நல்ல விலை கிடைக்குமா?

சேலம், நாமக்கல் பகுதியில் கிழங்கின் விலையை மாவுச்சத்தின் அளவைக் குறிக்கும் ‘பாயிண்ட்’டை வைத்துப் போடுகிறார்கள். மழையில் நனைந்தாலும் பூச்சி அடித்தாலும் பாயிண்ட் இறங்கும், விலையும் இறங்கும். 2020-இல் இந்தியாவுக்குள் நுழைந்த மாவுப்பூச்சி மரவள்ளியை வதைத்தபோது, ஆப்பிரிக்காவின் பெனின் நாட்டிலிருந்து ஒட்டுண்ணிக் குளவியைக் கொண்டுவந்து வயல்களில் விட வேண்டியிருந்தது. இவ்வளவு பாடுபட்டு விளைவித்த கிழங்குக்கு ஜவ்வரிசியும் ஸ்டார்ச்சும் மட்டுமே சந்தை என்றால், அவை தேங்கும்போதெல்லாம் விலை சரியும். புதிதாக ஒரு சந்தை வருவது நல்லதுதான். ஆனால் பை தயாரிப்பவர் மலிவான மாவைத் தேடிப் போவார். சோள மாவும் போட்டியில் நிற்கும். சேலத்தில் 1981-இல் பதிவான சேகோசர்வ் கூட்டுறவு போன்ற அமைப்பு வழியாக நேரடிக் கொள்முதல் ஒப்பந்தம் இருந்தால்தான் லாபத்தில் ஒரு பகுதியாவது விவசாயிக்கு வந்து சேரும்.

அசல் பையை எப்படிக் கண்டுபிடிப்பது?

பையில் ‘மட்கும்’ என்ற பொருள்படும் ‘கம்போஸ்டபிள்’ என்ற சொல், ஐ.எஸ்./ஐ.எஸ்.ஓ. 17088 என்ற தரக் குறிப்பு, தயாரிப்பாளர் பெயர், மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் சான்று எண் ஆகியவை அச்சாகியிருக்க வேண்டும். ‘இயற்கைக்கு உகந்தது’, ‘பசுமைப் பை’ என்ற வாசகங்களுக்கு எந்த மதிப்பும் இல்லை. வேதிப்பொருள் சேர்த்து வெயிலில் பொடிப்பொடியாக உதிரச் செய்யும் பாலிதீன் பைகளும் இந்தப் பெயரில் வருகின்றன. அவை மட்குவதில்லை, கண்ணுக்குத் தெரியாத துகளாகி மண்ணிலேயே தங்குகின்றன. ஐரோப்பிய ஒன்றியம் 2019-இன் உத்தரவில் அவற்றைத் தடைசெய்துவிட்டது.

அப்படியானால் இந்தப் பையை எங்கேதான் பயன்படுத்துவது?

இத்தாலியின் மிலான் நகரம் வழி காட்டியிருக்கிறது. 2012-இல் தொடங்கி 2014-க்குள் நகரம் முழுவதும் வீட்டுச் சமையல் கழிவைத் தனியே வாங்க ஏற்பாடு செய்தார்கள். அதை மட்கும் பையில் கட்டிக் கொடுக்கிறார்கள் மக்கள். பையோடு சேர்த்தே கழிவு உர ஆலைக்குப் போகிறது. அங்கே பைக்கு வேலை இருக்கிறது, முடிவும் இருக்கிறது. நம் நாற்றங்காலுக்கும் வயல் மூடாக்குக்கும் இதே சரக்கு பொருந்தும். அதற்கு மண்ணிலேயே மட்கும் என்று தனியாகச் சோதித்துத் தேறிய வகை வேண்டும்.

ஆகவே ஊராட்சிகளுக்கும் மாநகராட்சிகளுக்கும் ஒரு வேண்டுகோள்: மரவள்ளிப் பையைக் கடைகளுக்குப் பரிந்துரைக்கும் முன், சமையல் கழிவைத் தினமும் தனியே வாங்குங்கள், சூடேறும் அளவுக்குப் பெரிய உரக்கிடங்கை அமையுங்கள்.