வழக்கம் வேறு, இயற்கை வேறு!

பூமியின் வயதைக் கணக்கிடப் புகுந்தார் ஒரு விஞ்ஞானி. மக்கள் மூச்சிலே கலந்திருந்த நஞ்சைக் கண்டுபிடித்தார்! விண்ணிலிருந்து விழுந்த கல்லை ஆராய்ந்தவர், வீதியிலே படிந்த தூசியை எதிர்த்துப் போராட வேண்டியதாயிற்று. அவர்தான் அமெரிக்காவின் கிளேர் பேட்டர்சன்.

யுரேனியம் சிதைந்து சிதைந்து, கடைசியில் காரீயமாகும். சிதையும் வேகம் மாறுவதில்லை. ஆகவே காரீயத்தை அளந்தால் கல்லின் வயது தெரியும். ஆனால், பாறைத் துகள்களை அவர் அளந்தபோது கணக்கு குழம்பிற்று. தூசியிலே காரீயம், துணியிலே காரீயம், தொட்ட இடமெல்லாம் காரீயம்! ஆய்வுக்கூடத்தையே கழுவித் துடைத்தார். அரிசோனாவில் விழுந்த விண்கல்லை 1953இல் அளந்தார். பூமியின் வயது ஏறத்தாழ 455 கோடி ஆண்டுகள் என 1956இல் அறிவித்தார்.

அந்தப் புகழோடு அமர்ந்திருக்கலாம். அமரவில்லை! இவ்வளவு காரீயம் எங்கிருந்து வந்தது என்று கேட்டார். கடலின் ஆழத்தைவிட மேல்நீரிலே அது மிகுதி. அப்படியானால், அண்மையில் வந்து விழுந்தது. எதிலிருந்து? பெட்ரோல் புகையிலிருந்து!

என்ஜினின் தட்டலை அடக்கப் பெட்ரோலில் காரீயச் சேர்மத்தைக் கலக்கும் முறையை, 1921இல் தாமஸ் மிட்ஜ்லி குழுவினர் கண்டனர். 1924 அக்டோபரில், நியூஜெர்சியின் பேவே ஆலையில் அதைத் தயாரித்த தொழிலாளர் ஐவர் சித்தம் கலங்கிச் செத்தனர். அந்த மாத முடிவிலே மிட்ஜ்லி என்ன செய்தார் தெரியுமா? நிருபர்கள் எதிரே அந்தத் திரவத்தைக் கையில் தடவி, முகர்ந்தும் காட்டினார்! அவரே காரீய நஞ்சால் நலிந்து ஓய்வெடுத்தவர் என்பதுதான் வேடிக்கை, இல்லை, வேதனை!

காரீயம் மனித உடலில் இயற்கையாக இருப்பதே என வாதிட்டார், கம்பெனியின் மருத்துவ ஆலோசகர் கீஹோ. எல்லோர் உடலிலும் இருக்கிறதாம், ஆகவே இயற்கையாம்! 1965இல் பேட்டர்சன் பதில் தந்தார்: வழக்கமாக இருப்பது வேறு, இயற்கையாக இருப்பது வேறு. 1969இல் சான்றும் தந்தார். கிரீன்லாந்தின் புதிய பனியிலே, ஏறத்தாழ 2,800 ஆண்டுப் பழைய பனியில் உள்ளதைப்போல 200 மடங்கு காரீயம்!

பரிசு என்ன? எண்ணெய்த் துறையின் ஆய்வு உதவி நின்றது. 1971இல் காற்றிலுள்ள காரீயம் பற்றி ஆராய அமைத்த தேசிய ஆராய்ச்சிக் கவுன்சில் குழுவிலே, அதை நன்கறிந்த அவருக்கு இடமில்லை. அவர் தளரவில்லை; உண்மையும் தளரவில்லை. பெட்ரோலில் காரீயம் குறையக் குறைய, 1970களின் இறுதிக்கும் 1991க்கும் இடையில் அமெரிக்கர் குருதியிலே அது முக்கால் பங்குக்கு மேல் குறைந்தது. இயற்கையென்றால் குறைந்திருக்குமா? 1995இல் பேட்டர்சன் மறைந்தார். 2000இல் இந்தியாவும், கடைசி நாடாக 2021இல் அல்ஜீரியாவும் வாகனப் பெட்ரோலில் காரீயத்தைக் கைவிட்டன.

தோழர்களே, போராட்டம் முடிந்துவிடவில்லை. பழைய பேட்டரி உருக்கும் பட்டறைகளிலே இன்றும் காரீயப் புகையைச் சுவாசிப்பவன் பாட்டாளி. அவன் சட்டையில் ஒட்டிய தூசி வீட்டுக்கு வந்து, பிள்ளையின் மூளையைக் கெடுக்கிறது. “இந்தத் தொழிலென்றால் அப்படித்தான்” என்று எவரேனும் சொன்னால், நாம் கேட்போம்: அப்படித்தான் என்பது இயற்கையின் சட்டமா, இலாபத்தின் சட்டமா? அளந்து காட்டு என்போம்!