அங்கே இயங்கும் பொறி, இங்கே விரியும் திரை

ஓரிடத்திலுள்ள கணிப்பொறியை வேறோரிடத்தில் அமர்ந்தவாறே இயக்குதல் இன்று வியப்புக்குரிய செய்தியன்று. அதற்கெனத் தனி மென்பொருள் எதனையும் நம் கருவியில் நிறுவாமல், நாளிதழ் படிக்கப் பயன்படும் அதே இணைய உலாவியின் ஒரு பக்கத்திற்குள் அக்கணிப்பொறியின் முகப்புத்திரை முழுவதையும் விரித்துவிட முடிகிறது என்பதே வியப்பு. விடுதி அறையில் பழைய மடிக்கணிப்பொறி ஒன்றை மட்டும் வைத்திருக்கும் மாணவர், கல்லூரி ஆய்வகத்தின் ஆற்றல்மிக்க பொறியில் தம் பணியை இரவிலும் தொடரலாம். வெளியூரில் இருக்கும் ஆசிரியர் தம் அறைக் கணிப்பொறியைத் திறந்து, பாதியில் விட்ட கட்டுரையை முடிக்கலாம். வசதி பெரிது. அதனைக் கையாள்வோர் அது எவ்வாறு இயங்குகிறது என்பதை ஓரளவேனும் அறிந்திருத்தல் வேண்டும். இல்லையேல் வீட்டுத் திறவுகோல் யார் கையில் இருக்கிறது என்பதே தெரியாத நிலை ஏற்பட்டுவிடும்.

முதற்கண் ஒன்றைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். தொலைவிலுள்ள கணிப்பொறியை உலாவியில் காணும்போது, அதன் கோப்புகளோ நிரல்களோ நம்மிடம் வந்துவிடுவதில்லை. வருவது படம் ஒன்றே. அங்கே திரையில் தோன்றும் காட்சி படப்புள்ளிகளாக நம்மை நோக்கி வருகிறது. நாம் அழுத்தும் விசைகளும் சுட்டியின் அசைவுகளும் இங்கிருந்து அங்கே செல்கின்றன. கணக்கிடுவதும் சேமிப்பதும் அங்கேயேதான் நிகழ்கின்றன. ஆகவேதான் நம் கையிலுள்ள கருவி எத்துணை எளியதாயினும் பணி தடைபடுவதில்லை.

இவ்வெண்ணத்தைத் தெளிவான வடிவில் உலகுக்கு அளித்தது, இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் நகரில் ஒலிவெட்டி, ஆரக்கிள் ஆகிய நிறுவனங்களின் சார்பில் இயங்கிய ஆய்வுக்கூடமாகும். அங்குப் பணியாற்றிய டிரிஸ்டன் ரிச்சர்ட்சன், குவென்டின் ஸ்டாஃபோர்டு ஃபிரேசர், கென்னத் உட், ஆண்டி ஹாப்பர் ஆகிய நால்வரும் 1998இல் வெளியிட்ட கட்டுரையில் வி.என்.சி. என்னும் முறையை விளக்கினர். இவர்களுள் ஸ்டாஃபோர்டு ஃபிரேசரைப் பற்றிச் சுவையான செய்தி ஒன்று உண்டு. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகக் கணிப்பொறித் துறையில், காப்பிக் குடுவையில் காப்பி மிச்சமிருக்கிறதா என்று மாடிப்படி ஏறிச் சென்று பார்த்து ஏமாறுவதைத் தவிர்க்க, 1991இல் குடுவையை நோக்கி ஒரு படக்கருவியைப் பொருத்தினர். அதன் படத்தை அவரவர் மேசையில் காட்டும் நிரலை எழுதியவர் இவரே. தொலைவிலுள்ள ஒன்றின் படம் போதும், அதனிடம் நடந்து செல்ல வேண்டியதில்லை என்னும் எண்ணம் காப்பிக் குடுவைக்கும் கணிப்பொறிக்கும் பொதுவாய் அமைந்தது.

வி.என்.சி. முறையின் சிறப்பு, பார்க்கும் கருவி எதனையும் நினைவில் வைத்துக்கொள்வதில்லை என்பதாகும். ஒரு வாக்கியத்தின் நடுவில் இணைப்பைத் துண்டித்துவிட்டு, வேறோர் ஊருக்குச் சென்று வேறொரு பொறியில் இணைந்தாலும், விட்ட எழுத்திலேயே சுட்டுக்குறி நின்றுகொண்டிருக்கும். நிலை அனைத்தும் தொலைவிலுள்ள பொறியிடமே இருப்பதனால் விளையும் பயன் இது.

படத்தை அனுப்புவது எளிய காரியமோ எனின், அன்று. இன்று பரவலாக வழங்கும் திரையொன்றில் குறுக்கே 1920, நெடுக்கே 1080 படப்புள்ளிகள் உள்ளன. பெருக்கினால் 20 இலட்சத்து 73 ஆயிரத்து 600. ஒவ்வொரு புள்ளியின் நிறத்தையும் குறிக்க மூன்று பைட்டுகள் எனக் கொண்டால், ஒரு முழுத் திரைக்கு ஏறத்தாழ 62 இலட்சம் பைட்டுகள் தேவைப்படும். வினாடிக்கு 30 முறை அனுப்ப முற்பட்டால் 18 கோடியைத் தாண்டிவிடும். பெரும்பாலான வீட்டு இணைப்புகள் இச்சுமையைத் தாங்கா. ஆதலின் திரையில் மாற்றமடைந்த செவ்வகப் பகுதிகளை மட்டும் சுருக்கி அனுப்புகின்றனர். ஒரு சாளரத்தை நகர்த்தினால் அதன் படம் மீண்டும் வருவதில்லை. ‘அங்கிருந்த செவ்வகத்தை இங்கே படியெடுத்துக்கொள்’ என்ற சிறு கட்டளை மட்டுமே வருகிறது. மேலும், பார்க்கும் பொறி கேட்டால்தான் அடுத்த மாற்றம் அனுப்பப்படும். இணைப்பு மெதுவாயின் கேட்பதும் மெதுவாகிறது. இடைப்பட்ட காட்சிகள் விடுபடுமேயன்றி, வேலை குலைவதில்லை. எழுத்துப் பணி இம்முறையில் இலகுவாக நடைபெறுவதும், திரைப்படம் தடுமாறுவதும் இதனாலேயே.

உலாவிக்குள் இத்திரையைக் கொண்டுவரும் முயற்சி தொடக்கத்திலேயே இருந்தது. வி.என்.சி. நிரல் தன்னகத்தே சிறு இணையப் பணியகம் ஒன்றையும் வைத்திருந்தது. உலாவியில் அதன் முகவரியை இட்டால், ஜாவா மொழியில் எழுதிய சிறு நிரல் இறங்கித் திரையைக் காட்டும். ஆனால் இத்தகைய ஜாவா நிரல்கள் பாதுகாப்புக் குறைகளுக்கு இடமளித்தமையால், 2015இல் குரோம் உலாவியும் 2017இல் ஃபயர்ஃபாக்ஸ் உலாவியும் அவற்றுக்குக் கதவடைத்துவிட்டன. அதற்குள் வேறொரு வழி பிறந்துவிட்டது. உலாவியே தன் பக்கத்தில் புள்ளி புள்ளியாகப் படம் வரையும் திறனைப் பெற்றது. இருபுறமும் ஓயாமல் செய்தி பரிமாறும் வெப்சாக்கெட் என்னும் முறை 2011 டிசம்பரில் தரநிலையாக வெளிவந்தது. இவ்விரண்டையும் கொண்டு இயங்குவதே நோ வி.என்.சி. என்னும் கட்டற்ற நிரல். விண்டோஸின் ஆர்.டி.பி. முறை உட்படப் பலவற்றையும் இடையில் நின்று மொழிபெயர்த்து உலாவிக்குத் தருவது அப்பாச்சி அமைப்பின் குவாக்கமோலி. மெக்சிகோ நாட்டு வெண்ணெய்ப்பழத் துவையலின் பெயரை இதற்கு இட்டவர்கள் நல்ல சுவைஞர்களாகத்தான் இருத்தல் வேண்டும்.

உலாவி வழி அணுகுவதில் சில இடர்ப்பாடுகளும் உள. கன்ட்ரோல், டபிள்யூ விசைகளைச் சேர்த்து அழுத்தினால் தொலைவிலுள்ள சாளரம் மூடுவதற்கு மாறாக, நம் உலாவிப் பக்கமே மூடிக்கொள்ளும். அஞ்சற்க, அங்குள்ள பணி அப்படியே இருக்கும், மீண்டும் இணைந்தால் போதும். கன்ட்ரோல், ஆல்ட், டெலிட் ஆகிய மூன்றையும் நம் பொறியே பிடித்துக்கொள்ளும் என்பதனால், அவற்றை அனுப்பத் திரையோரத்தில் தனிப் பொத்தான் வைத்துள்ளனர். தமிழில் தட்டச்சிடுவோர்க்கு ஒரு குறிப்பு: இரு பொறிகளிலும் தமிழ் விசைப்பலகையை இயக்கினால் எழுத்துகள் குழம்பக்கூடும். நம் பொறியை ஆங்கிலத்தில் வைத்து, தொலைவிலுள்ள பொறியில் மட்டும் தமிழ் 99 முறையை இயக்குவதே பெரும்பாலும் நலம்.

இனிப் பாதுகாப்பு. வி.என்.சி.யின் அடிப்படைக் கடவுச்சொல் முறையில் முதல் எட்டு எழுத்துகளே கணக்கில் கொள்ளப்படும். அதற்குமேல் எத்துணை நீளமாக இட்டாலும் பயனில்லை. அடிப்படை முறையில் திரைப்படமும் விசைகளும் மறையாக்கம் செய்யப்படுவதும் இல்லை. ஆகவே இதனைத் திறந்த இணையத்தில் நேராக வைத்தல் கூடாது. கல்லூரியின் உள்வலையில் கணிப்பொறியை வைத்து, மறையாக்கமும் இரண்டடுக்கு உறுதிப்பாடும் உடைய இடைநிலைப் பொறி ஒன்றின் வழியாகவே வெளியார் நுழையுமாறு அமைத்தல் வேண்டும். இன்னொன்றும் கருதத்தக்கது. வி.என்.சி. முறையில் அங்குள்ள திரையையே பகிர்ந்துகொண்டால், நாம் இங்கிருந்து செய்வதனைத்தையும் அத்திரையின் முன் நிற்பவர் காண்பார். வினாத்தாள் அமைக்கும் ஆசிரியர்கள் இதனை மறத்தலாகாது.

இதனினும் கொடியது, நாமே கதவைத் திறந்துவிடுவது. ‘வங்கியிலிருந்து பேசுகிறோம், தங்கள் கணக்கு முடங்கப்போகிறது’ என்று தொலைபேசியில் ஒருவர் கூறுவார். ஒரு செயலியை நிறுவச் சொல்லி, அதில் தோன்றும் ஒன்பது இலக்க எண்ணைக் கேட்பார். இந்திய ரிசர்வ் வங்கி 2019 பிப்ரவரியிலேயே இத்தகைய மோசடி குறித்து வங்கிகளை எச்சரித்தது. ‘ஒருமுறைக் கடவுச்சொல்லை நான் யாரிடமும் கூறவில்லையே’ என்று பணமிழந்த பெரியவர்கள் பலர் கலங்குவதுண்டு. கூறவேண்டிய தேவையே இல்லை. திரையின் படம் முழுவதும் அவனிடம் செல்லும்போது, குறுஞ்செய்தியாக வந்த அவ்வெண்ணும் படத்தோடு சேர்ந்தே சென்றுவிடுகிறது. அழைத்தவர் எத்துணைப் பணிவாகப் பேசினும், நாம் தேடிச் சென்று உதவி கேளாத ஒருவர்க்கு அந்த எண்ணைத் தரலாகாது. தந்துவிட்டதாக ஐயம் எழுந்தால், உடனே இணைய இணைப்பைத் துண்டித்துக் கருவியை அணைத்துவிட்டு, வேறொருவரின் தொலைபேசியிலிருந்து வங்கிக்கும் இணையக் குற்ற உதவி எண்ணாகிய 1930க்கும் தெரிவித்தல் வேண்டும். கடவுச்சொற்களையும் வேறொரு கருவியிலிருந்தே மாற்றுக.