மேல்மாடித் தரைக்கு எது ஏற்றது?

சிங்கப்பூரில் 1980, 1990களில் கட்டப்பட்ட வீவக ஈரடுக்கு வீடுகள் பலவற்றின் மேல்மாடியில் பலகைத்தரை உண்டு. அது பெயர்ந்துபோனால் மாற்றுத்தரை தேட வேண்டும். கடையில் நிறமும் விலையுமே முதலில் கண்ணில் படும். ஆனால், மேல்மாடிக்கு எடை, சத்தம், உயரம் ஆகிய மூன்றையும் முதலில் பார்ப்பது நல்லது.

தரை ஓடு பதிக்க சிமெண்டுக் கலவை வேண்டும். 4 சென்டிமீட்டர் கலவை போட்டால் சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 80 கிலோ எடை கூடும். 20 சதுர மீட்டர் கூடத்திற்கு அதுவே 1.6 டன்! ஓட்டின் எடை தனி. தரை ஓடும் கலவையும் சேர்ந்து 50 மில்லிமீட்டரைத் தாண்டக்கூடாது என்பது வீவக விதி.

லேமினேட் இலேசானது. ஆனால், மரநாரை அழுத்திச் செய்வதால், சன்னல் வழியே மழைநீர் புகுந்து தேங்கினால் ஊதிவிடும். வைனில் தண்ணீரைத் தாங்கும், எடையும் குறைவு. அடியில் மெத்தென்ற விரிப்பு போட்டால், நாற்காலி இழுக்கும் சத்தம் கீழே உறங்கும் தாத்தா பாட்டியை அவ்வளவாக எழுப்பாது.

எதைப் போட்டாலும் தரை உயர்ந்தால், படிக்கட்டின் கடைசிப் படி மற்றப் படிகளைவிட உயரமாகிவிடும். பழகிய கால் அங்கேதான் தடுக்கும். பழைய பலகையைக் கரையான் அரித்திருந்தால், அதை ஒழிக்காமல் மேலே மூடுவதும் ஆபத்து.

வயதானவர்களும் பிள்ளைகளும் உள்ள வீட்டில், அழகைவிட அடிவைக்கும் பாதுகாப்பே பெரிது.