வயது போன நாய் ஏன் இவ்வளவு தண்ணீர் குடிக்கிறது?

தோட்டம் செய்யும் குடும்பத்திற்கு நாய் ஒரு காவற்காரன். பன்றி மரவள்ளியைக் கிண்ட வந்தாலும், குரங்கு வாழையில் ஏறினாலும், இரவில் யாரும் படலையைத் தட்டினாலும் முதலில் எழும்பிக் குரைப்பது அதுவே. சொந்த ஊரை விட்டு வந்து, அயலவர் யாரென்று பிடிபடாத புதிய இடத்தில் குடியிருந்த நாட்களில், வாசலில் ஒரு நாய் படுத்திருந்தபடியால் நிம்மதியாகத் தூங்கிய குடும்பங்கள் எத்தனையோ உண்டு.

அந்த நாய்க்கு எட்டு, ஒன்பது வயதாகும்போது ஒரு மாற்றத்தைக் காண்கிறோம். வைத்த தண்ணீரை எல்லாம் குடித்துவிட்டு மறுபடியும் சட்டியை நக்குகிறது. படுத்த இடத்திலேயே மூத்திரம் போகிறது. வயிறு தொங்குகிறது. வீட்டில் சிலர், "வயது போய்விட்டது, அப்படித்தான்" என்கிறார்கள். வேறு சிலர், "பழக்கம் கெட்டுவிட்டது" என்று அடிக்கிறார்கள்; மாலையானதும் தண்ணீர்ச் சட்டியை எடுத்து மறைத்து வைக்கிறார்கள். முதுமை வேறு, நோய் வேறு என்பதை நாம் விளங்கிக்கொண்டால் இந்த இரண்டு தவறுகளையும் தவிர்க்கலாம். இவ்வாறு தண்ணீர் குடிக்கும் கிழட்டு நாய்களில் பலவற்றுக்கு இருப்பது ஓமோன் சம்பந்தமான ஒரு நோயாகும். அவற்றுள் முக்கியமான ஒன்றான குஷிங் நோயைப் பற்றி இங்கு விளக்குகிறோம்.

துருசும் வயலும்

அமெரிக்க மூளைச் சத்திரசிகிச்சை நிபுணரான ஹார்வி குஷிங் 1932ஆம் ஆண்டில் மனிதரிடம் விவரித்த ஒரு நோய் அவருடைய பெயரால் அழைக்கப்படுகிறது. இதே நோய் நாய்களுக்கும் வருகிறது.

நாயின் இரு சிறுநீரகங்களுக்கும் அருகே அதிரீனல் சுரப்பிகள் என்னும் இரண்டு சிறிய சுரப்பிகள் உள்ளன. இவை கோட்டிசோல் என்ற ஓமோனைச் சுரக்கின்றன. உணவைச் சக்தியாக மாற்றுவதற்கும், பசி, பயம், காயம் போன்ற நெருக்கடிகளைத் தாங்குவதற்கும் கோட்டிசோல் தேவை. எவ்வளவு சுரக்க வேண்டும் என்று கட்டளையிடுவது மூளையின் அடியிலுள்ள கபச்சுரப்பி.

இதைக் குளத்துத் துருசுக்கு ஒப்பிடலாம். கபச்சுரப்பி கட்டளையிடும் அதிகாரி. அதிரீனல் சுரப்பி துருசு. கோட்டிசோல் வாய்க்காலில் வரும் நீர். வயலுக்குப் போதிய நீர் வந்துவிட்டால் அதிகாரி துருசை மூடச் சொல்லவேண்டும். கபச்சுரப்பியில் ஒரு சிறு கட்டி வளர்ந்தால், வயல் நிரம்பிய செய்தி அதற்கு எட்டுவதில்லை. "திற, திற" என்றே கட்டளை போகிறது. நூற்றுக்கு எண்பது நாய்களுக்கும் மேல் இந்நோய் இவ்வாறுதான் உண்டாகிறது. மற்றவற்றில் அதிரீனல் சுரப்பியிலேயே கட்டி இருக்கும். அதாவது துருசே பழுதாகிவிட்டது. நெல்லுக்கு நீர் தேவைதான். ஆனால் மாதக்கணக்காக நீர் தேங்கினால் பயிர் அழுகும். கோட்டிசோல் மிகுந்த உடலுக்கும் அதுவே நேர்கிறது.

அடையாளங்கள்

1. தாகமும் மூத்திரமும்: கோட்டிசோல் மிகுந்தால் சிறுநீரகம் நீரைத் தடுத்து வைக்க மாட்டாது. மூத்திரம் அதிகமாகப் போவதால் தாகம் எடுக்கிறது. இந்த ஒழுங்கை நன்கு மனத்தில் பதியுங்கள். நாய் நிறையக் குடிப்பதால் மூத்திரம் போகவில்லை. மூத்திரம் போவதால்தான் குடிக்கிறது. ஆகவே தண்ணீரை நிறுத்தினாலும் மூத்திரம் நிற்காது. உடல் வரண்டு நாய் ஆபத்தான நிலைக்குப் போகும்.

2. பசி: முன்பு எடுக்காத சட்டியை எடுக்கும். குப்பையைக் கிளறும்.

3. தொங்கும் வயிறு: தசைகள் உருகி வயிற்றுச் சுவர் பலமிழக்கும். ஈரல் பெருக்கும். கொழுப்பு வயிற்றில் சேரும். "நன்றாகக் கொழுத்துவிட்டது" என்று நாம் நினைக்கும்போது, முதுகிலும் தொடையிலும் தசை குறைந்திருக்கும்.

4. மயிர் உதிர்தல்: இரு விலாப்பக்கமும் ஒரே மாதிரி உதிரும். தலையிலும் கால்களிலும் பெரும்பாலும் மயிர் இருக்கும். தோல் மெல்லியதாகும். காயங்கள் ஆறத் தாமதமாகும்.

5. இளைப்பு: நிழலில் படுத்திருக்கும்போதும் நாக்கைத் தொங்கவிட்டு மூச்சு வாங்கும். உயரத்தில் ஏறவும் ஓடவும் மாட்டாது.

இந்நோய் தொற்றுவதில்லை. மற்ற நாய்களுக்கோ ஆடுமாடுகளுக்கோ பிள்ளைகளுக்கோ இது வராது.

தண்ணீரை அளந்து பாருங்கள்

சுகமான நாய் ஒன்று, உடல் நிறையின் ஒவ்வொரு கிலோவுக்கும் நாளொன்றில் ஏறக்குறைய 50 முதல் 60 மில்லிலீற்றர் தண்ணீர் குடிக்கும். 100 மில்லிலீற்றருக்கு மேற்பட்டால் அது நோயின் அடையாளம். 12 கிலோ நாய் 600, 700 மில்லிலீற்றர் குடிப்பது வழமை. 1200 மில்லிலீற்றரைத் தாண்டினால் வைத்தியரிடம் காட்டவேண்டும்.

நிறையை அறிவதற்கு ஒருவர் நாயைத் தூக்கிக்கொண்டு தராசில் ஏறி, பின்னர் தனியே ஏறிப் பார்த்தால் போதும். தண்ணீரை அறிவதற்கு, காலையில் ஒன்றரை லீற்றர் சோடாப் போத்தலை நிரப்பி, அதிலிருந்து மட்டும் சட்டிக்கு ஊற்றுங்கள். போத்தல் முடிந்தால் மறுபடியும் நிரப்பிக் கணக்கில் சேருங்கள். மறுநாள் காலை சட்டியிலும் போத்தலிலும் மிஞ்சியதைக் கழியுங்கள். மூன்று நாட்கள் இவ்வாறு செய்து, பிள்ளைகளைக் கொண்டு ஒரு கொப்பியில் எழுதுவியுங்கள். அந்நாட்களில் நாய் கிணற்றடியிலும் மாட்டுத் தொட்டியிலும் குடிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். இந்தக் கணக்கு, "நிறையக் குடிக்கிறது" என்ற சொல்லை விட வைத்தியருக்குப் பன்மடங்கு உதவும். வைத்தியரிடம் போகும் அன்று, காலையில் பெய்யும் முதல் மூத்திரத்தில் சிறிதளவைச் சுத்தமான போத்தலில் பிடித்துச் செல்லுங்கள். நீண்ட பிடியுள்ள பழைய அகப்பை அதற்கு வசதி. பின்னர் கைகளைச் சவர்க்காரமிட்டுக் கழுவுங்கள். எலிக்காய்ச்சல் நாயின் மூத்திரத்தாலும் பரவக்கூடியது.

வேறு காரணங்களும் உண்டு

தாகம் எடுக்கும் எல்லா நாய்க்கும் குஷிங் நோய் என்று எண்ணிவிடக் கூடாது. நீரிழிவு நோயுள்ள நாயும் நிறையக் குடிக்கும், நிறைய உண்ணும். ஆனால் மெலிந்துகொண்டே போகும். மூத்திரத்தில் சீனி இருக்கிறதா என்று வைத்தியர் ஒரு பரிசோதனைத் தாளினால் உடனே பார்க்கலாம். நாயின் நீரிழிவுக்கு இன்சுலின் ஊசி வேண்டும்; வீட்டில் பெரியவர்கள் எடுக்கும் சீனிக் குளிசை உதவாது. சிறுநீரகம் பழுதடைந்த நாய் தண்ணீர் குடிக்கும், சாப்பாட்டை வெறுக்கும். தைரொயிட் ஓமோன் குறைந்த நாய் கொழுத்து, மயிர் உதிர்ந்து, சோம்பிக் கிடக்கும். ஆனால் அதற்குத் தாகம் கூடுவதில்லை. இந்நோய் குளிசையினால் நன்கு கட்டுப்படும்.

ஒன்றை விசேடமாகச் சொல்லவேண்டும். கருத்தடை செய்யாத பெட்டை நாய், தீட்டு முடிந்து சில கிழமைகளில் அதிகமாகத் தண்ணீர் குடித்து, உணவை மறுத்து, சோர்ந்து போனால் கர்ப்பப்பையில் சீழ் பிடித்திருக்கக்கூடும். இதற்கு ஒரு நாளும் தாமதிக்க வேண்டாம். உடனே வைத்தியரிடம் கொண்டு செல்லுங்கள்.

குளிசையால் வரும் குஷிங் நோய்

கட்டி எதுவும் இல்லாமலும் இந்நோய் வரலாம். சொறி, கடி என்று மருந்துக் கடையில் சொல்லி வாங்கும் பிரெட்னிசொலோன், டெக்சாமெதசோன் போன்ற குளிசைகள் கோட்டிசோலைப் போலவே வேலை செய்பவை. கொடுத்த இரண்டாம் நாளே சொறிதல் நிற்பதால் மாதக்கணக்காகக் கொடுத்து விடுகிறார்கள். அப்போது அதே தாகம், அதே வயிறு, அதே மயிர் உதிர்தல் உண்டாகும். தெள்ளினாலும் சொறிப் பூச்சியினாலும் வந்த கடிக்கு இது மருந்தும் அல்ல.

இதை அறிந்தவுடன் குளிசையைத் திடீரென நிறுத்திவிடவும் கூடாது. வெளியிலிருந்து நீர் வந்துகொண்டிருந்தபடியால் உடலின் சொந்தத் துருசு துருப்பிடித்துப் போயிருக்கும். திடீரென நிறுத்தினால் நாய் சத்தியெடுத்து, நடுங்கி, விழுந்து இறக்கவும் கூடும். வைத்தியரின் சொற்படி சிறிது சிறிதாகக் குறைக்கவேண்டும். வேறிடத்திற்குப் போகவேண்டி வந்தால் குளிசையையும், அதன் பெயர், அளவு, கொடுக்கும் நேரம் எழுதிய துண்டையும் குடும்ப ஆவணங்களுடன் சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

சிகிச்சை

முதலில் உங்கள் பகுதி அரச கால்நடை வைத்திய அலுவலகத்திற்குச் செல்லுங்கள். நோயை உறுதி செய்வதற்கு, ஊசி ஏற்றுவதற்கு முன்னும் பின்னும் இரத்தம் எடுத்துக் கோட்டிசோலை அளக்கவேண்டும். தேவையானால் பேராதனைப் பல்கலைக்கழக மிருக வைத்திய பீடத்தின் போதனா வைத்தியசாலைக்கு அனுப்பக்கூடும். அவ்வளவு தூரம் போய்வர எல்லோராலும் இயலாது என்பதை நாம் அறிவோம்.

இன்று பெரும்பாலும் கொடுக்கப்படுவது ட்ரைலோஸ்டேன் என்ற மருந்து. இது நோயை மாற்றுவதில்லை. கோட்டிசோல் உண்டாவதைக் குறைக்கிறது. வாழ்நாள் முழுவதும் உணவுடன் கொடுக்கவேண்டும். தொடங்கி இரண்டு கிழமைக்குள்ளும், பின்னர் காலத்துக்குக் காலமும் இரத்தம் பரிசோதிக்க வேண்டும். நாய் உணவை மறுத்தால், சத்தியெடுத்தால், வயிற்றால் போனால், எழும்ப மாட்டாமல் கிடந்தால் துருசு அளவுக்கு மீறி மூடப்பட்டுவிட்டது என்று பொருள் கொள்ளலாம். அடுத்த வேளை மருந்தைக் கொடுக்காமல் உடனே வைத்தியரிடம் செல்லுங்கள். கப்சியூலை உடைக்க வேண்டாம். கர்ப்பிணிப் பெண்கள் இம்மருந்தைக் கையாளக் கூடாது.

மருந்து விலை கூடியது. எல்லா இடத்திலும் கிடைப்பதுமில்லை. பிள்ளைகளின் சாப்பாட்டைக் குறைத்து நாய்க்குக் குளிசை வாங்கும்படி நாம் யாருக்கும் சொல்ல மாட்டோம். கடன்படவும் வேண்டாம். இந்நோய் மெதுவாகவே வளர்வது. அடையாளங்கள் இலேசாக இருக்கும்போது மருந்தின்றிக் கவனித்து வரும்படி வைத்தியர்களே சொல்வதுண்டு. மருந்து இல்லை என்பதற்காகப் பராமரிப்பு இல்லை என்றாகிவிடாது.

வீட்டில் செய்யக்கூடியவை

• இரவும் பகலும் சுத்தமான தண்ணீர் இருக்கட்டும்.
• படுக்கப் பழைய சாக்கு இரண்டு வைத்து, ஒன்று நனைந்தால் மற்றதை விரியுங்கள். நனைந்ததைத் துவைத்து வெயிலில் காயப்போடுங்கள்.
• படுக்கப் போகுமுன்னும் விடியற்காலையிலும் வெளியே விடுங்கள்.
• கேட்கும்போதெல்லாம் உணவு கொடுக்க வேண்டாம். ஒரு நாளைய அளவை இரண்டு வேளையாகப் பிரியுங்கள். சோற்றுடன் அவித்த மீன், முட்டை, பருப்பு நல்லது. தேங்காய்ப்பால் கறி, பொரித்த கொழுப்பு, உப்புக் கருவாடு ஆகியவற்றைத் தவிருங்கள்.
• மத்தியான வெயிலில் கட்ட வேண்டாம். மர நிழலில் ஈரமான மண் அதற்குச் சுகம்.
• உண்ணியைக் கையால் எடுங்கள். பயிருக்கு அடிக்கும் பூச்சிநாசினி, மண்ணெண்ணெய், கழிவு எண்ணெய் எதையும் பூச வேண்டாம். மெலிந்த தோலினூடாக நஞ்சு இலகுவில் உட்செல்லும்.
• மூத்திரத்தில் இரத்தம் வந்தாலோ, முக்கி முக்கிச் சொட்டுச் சொட்டாகப் பெய்தாலோ கிருமித் தொற்று இருக்கலாம். இதற்கு மருந்துண்டு.
• விசர்நாய்க்கடித் தடுப்பூசி போடும்போது நாயின் நோயைப் பற்றிச் சொல்லுங்கள்.

கடைசி நாட்கள்

சிகிச்சை பெறும் நாய்களில் பல, நோய் அறியப்பட்ட பின் இரண்டு ஆண்டுகளளவு வாழ்கின்றன. மருந்தில்லாத நாயும் நல்ல பராமரிப்பில் சில காலம் அமைதியாக இருக்கலாம். ஆனாலும் எழும்ப முடியாத, உண்ண முடியாத ஒரு நாள் வரலாம். அந்நாளில் சந்தையடியில் கொண்டுபோய் விடுவதும், சோற்றில் நஞ்சு கலப்பதும் நடக்கின்றன. வாசலை விட்டு நீங்கியறியாத கிழட்டு நாய் அந்நிய இடத்தில் பசியாலும் பிற நாய்களின் கடியாலும் சாகும். நஞ்சு தரும் சாவோ மிகக் கொடியது. சோற்றைத் தின்னும் பூனையும் கோழியும் சேர்ந்து சாகும். வேதனை தாங்க முடியாத நிலை வந்தால் வைத்தியரிடம் கேளுங்கள். வலியின்றி உயிர் பிரியச் செய்யும் ஊசி உண்டு. அதுவரை நாய் அறிந்த குரல்களுக்கு நடுவே இருக்கட்டும்.

வீட்டையும் காணியையும் விட்டு வெளியேறியபோது, வளர்த்த நாயை அவிழ்த்து விட்டுவிட்டு வரவேண்டிய நிலை எமது மக்களுக்கு ஏற்பட்டது. அன்று வேறு வழி இருக்கவில்லை. இன்று எமது வாசலில் படுத்திருக்கும் நாய்க்கு ஒரு சட்டி தண்ணீரும், காய்ந்த சாக்கும், நிழலும் கொடுக்க எம்மால் முடியும். இன்றிரவு அந்தச் சட்டியை எடுத்து வைக்காதீர்கள். நாளை காலை போத்தலை நிரப்பி அளக்கத் தொடங்குங்கள்.