கப்பல் விருந்தும் காலமறிதலும்

திருவள்ளுவர் காலமறிதலை அரசியலிலே தனியோர் அதிகாரமாக அமைத்தார். உணவின் அளவும் பொழுதும் பற்றிச் சொல்ல வேண்டியதை மருந்து என்னும் அதிகாரத்தில் வைத்தார். அரசனுக்குரிய அவ்வறிவும் உண்பானுக்குரிய இவ்வறிவும் ஒருங்கே வேண்டப்படும் இடமொன்று இக்காலத்திலே தோன்றியுள்ளது. அஃது உல்லாசப் பயணக் கப்பலின் சிறப்புணவகம். அங்கே எந்த இரவில், எந்த மணிக்கு ஆசனம் பதிவு செய்வது என்னும் வினா மேனாட்டுச் செல்வர்க்கே உரியதென்று ஒதுக்கத்தக்கதன்று. அது நம் வீட்டு வாயிலுக்கும் வந்துவிட்டது.

2022 ஜூன் மாதத்திற் கோர்டேலியா நிறுவனத்தின் ‘எம்பிரஸ்’ என்னும் கப்பல் சென்னையிலிருந்து பயணந் தொடங்கியது. மறு ஆண்டு ஜூனில் அது அம்பாந்தோட்டைக்கும் திருகோணமலைக்கும் காங்கேசன்துறைக்கும் வந்தது. 1990இற் பிரான்சிலே கட்டப்பெற்று, ‘நோர்டிக் எம்பிரஸ்’ என்னும் பெயரோடு மேலைக் கடல்களில் நெடுங்காலம் உலாவிய கப்பல் அது. முள்ளிக்குளத்துக் கரையில் நிற்போர் அதனைக் காணும் பேறு பெறார். மன்னாருக்கும் இராமேசுவரத்துக்கும் இடையே கிடக்கும் இராமர் அணையின் மணற்றிட்டுக்கள் பெருங்கப்பல்களுக்கு வழிவிடா. ஆதலால் அவை இலங்கையின் கிழக்குக் கரையைச் சுற்றியே செல்லும்.

காணாவிடினும் ஏறுவோர் உளர். 2007 செப்டெம்பரில் எம்மூர் மக்கள் இடம்பெயர்ந்தனர். வடபுலத்து ஊர்கள் பலவற்றின் கதையும் இதுவே. ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள் ஒருவர் தொறொன்ரோவிலும், ஒருவர் இலண்டனிலும், ஒருவர் சென்னையிலும், மூத்தவர் மன்னாரிலுமாக வாழ்கின்றனர். இத்தகைய குடும்பங்கள் கோடை விடுமுறையில் ஒன்றுகூடுதற்குக் கப்பலைத் தேடுகின்றன. சமைக்க வேண்டுவதில்லை, முதியோர் ஊர் ஊராய் அலைய வேண்டுவதில்லை. ஆயினும் கப்பலிலே பகல் முழுவதும் ஆளுக்கொரு திசையாய்ப் பிரிந்துவிடுவர். பேரர் நீச்சற் குளத்திலும், மக்கள் அரங்கிலும், பாட்டனார் மேற்றளத்துச் சாய்வு நாற்காலியிலும் இருப்பர். எல்லாரும் ஒரு மேசையைச் சுற்றி இரண்டு மணி நேரம் எழாமல் இருப்பது சிறப்புணவகத்தில் மாத்திரமே. அதற்கென அவர்கள் தனிப்பணம் கொடுக்கின்றனர். அவ்விரண்டு மணி நேரத்தைத் தவறான இரவில் வைத்துவிட்டாற் பணமும் போம், கூட்டமும் கலையும்.

கப்பலேறி அறியாதார்க்குச் சிறிது விளக்கம் வேண்டும். கப்பற் கட்டணத்திலேயே பொதுப் போசனசாலையின் உணவும், தாமே எடுத்துண்ணும் சாலையின் உணவும் அடங்கும். இவற்றுக்குப் புறம்பாகத் தனிக் கட்டணம் கொடுத்து உண்ணும் சிறிய உணவகங்கள் உள. இத்தாலிய உணவு, சீன உணவு, தீயில் வாட்டிய இறைச்சி என ஒவ்வொன்றும் ஒருவகைக்கு உரியது. சிலவற்றில் ஆளுக்கு இவ்வளவு என்று ஒரே கட்டணம். சிலவற்றில் உண்ட பண்டத்துக்கு விலை. பல நிறுவனங்கள் இவற்றின்மேல் 18 சதவீதமோ அதற்கு மேலோ சேவைப் பணமும் சேர்க்கும். இதனை முன்னரே கணக்கிற் கொள்க.

இவ்வழக்கம் புதியதன்று. 1905இல் ‘அமெரிக்கா’ என்னும் செருமானியக் கப்பலில், விடுதிக் கலையிற் பெயர்பெற்ற சீசர் ரிட்சின் பெயரால் ஓர் உணவகம் திறக்கப்பட்டது. விரும்பிய பொழுதில் விரும்பிய பண்டத்தைக் கேட்டுப் பெறும் முறை கடலில் அவ்வாறு தொடங்கியது. 1912இல் மூழ்கிய ‘டைட்டானிக்’ கப்பலிலும் அத்தகைய உணவகம் இருந்தது. காட்டி என்னும் இத்தாலியர் அதனைத் தம் பொறுப்பில் நடத்தினார். பயணம் முழுவதும் அங்கேயே உண்பதாக முன்கூட்டியே ஒழுங்கு செய்த முதல் வகுப்பினர்க்குக் கப்பற் கட்டணத்திற் சிறு கழிவு கொடுக்கப்பட்டது. முன்பதிவினால் ஆதாயம் என்பது நூறாண்டுக்கு மேற்பட்ட வணிக நெறி என்பது இதனாற் பெறப்படும். ஏப்ரல் 14ஆம் நாள் இரவு கப்பற்றலைவர் ஸ்மித்துக்கு வைடனர் குடும்பத்தார் விருந்தளித்ததும் அவ்வுணவகத்திலேதான். அங்கே பணிசெய்தோருள் மூவரே உயிர்தப்பினர். விருந்துண்டவர் பெயரை நூல்கள் நிரல்பட எழுதுகின்றன. பரிமாறியவர் பெயரை அத்துணை அக்கறையோடு எழுதக் காணோம்.

நம் கடலுக்குத் தனியொரு கப்பல் மரபு இருந்தது. 1914இல் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே நீராவிக் கப்பற் சேவை தொடங்கிற்று. கர்சன், எல்ஜின், ஹார்டிஞ் என்பன அக்கப்பல்களின் பெயர்கள். இரண்டு மணி நேர அளவிற் கடந்துவிடும் அக்கடலில் விருந்துக்கு நாட் குறிக்க யார்க்கும் நேரமில்லை. 1964 டிசம்பர்ச் சூறாவளி தனுஷ்கோடியை அழித்தது. பின்னர் இராமேசுவரத்திலிருந்து நடந்த சேவையும் 1980களிற் போரினால் நின்றது. மேலைக் கப்பல்களிலும் நெடுங்காலம் இத்தனை மணிக்கு இன்ன மேசையில் இன்னாரோடு என்று வரையறுத்தே உணவிட்டனர். 2000ஆம் ஆண்டில் நோர்வீஜியன் நிறுவனம் அவ்வரையறையை நெகிழ்த்தி, விரும்பியபோது விரும்பியவிடத்து உண்ணலாம் என்றது. தெரிவு பெருகிய அன்றே தெரிவதன் தொல்லையும் பிறந்தது.

இனிக் காலத்தை ஆராய்வோம்.

அனுபவமுடைய பயணிகள் பலர், ஏறிய முதலிரவே சிறந்தது என்பர். அதற்குக் காரணம் உண்டு. அன்று பலர் கப்பலின் வழி திசையறியாது திரிவர். பெட்டிகள் அறைக்கு வந்து சேர்ந்திரா. பெரும்பாலோர் பொதுச் சாலைக்கே போவர். ஆகவே சிறப்புணவகம் வெறிச்சென்றிருக்கும். சில நிறுவனங்கள் அன்றைக்கு விலையும் குறைக்கும். உள்ளூரிலிருந்து ஏறுவார்க்கு இது நல்ல அறிவுரையே. நாம் மேலே சொன்ன குடும்பத்துக்கோ பொருந்தாது. கோடையிலே தொறொன்ரோவுக்கும் நமக்கும் ஒன்பதரை மணி நேர வேறுபாடு. நமக்கு இரவு எட்டு மணியானால் அங்கிருந்து வந்தவர் உடலுக்கு அது காலை பத்தரை. இராப்பொழுதெல்லாம் விழித்துப் பகலெல்லாம் உறங்கித் தள்ளாடும் நிலையில் வந்திறங்கியவரை, மறுநாளே கப்பலேற்றி அன்றிரவே விருந்து மேசையில் இருத்தினால் அவர் கரண்டியைப் பிடித்தபடியே கண்ணயர்வார். பிள்ளைகளைச் சொல்லவே வேண்டா. இரண்டாம் மூன்றாம் இரவுகளிற்றான் அவர்கள் நம் பொழுதுக்குச் சிறிது சிறிதாய் வரத் தொடங்குவர்.

அடுத்தது காற்று. இதனை மேனாட்டார் எழுதிய அறிவுரைகளில் நம் கடலுக்கேற்பக் காண்பதரிது. நம் மீனவரைக் கேட்டால் ஒரு சொல்லில் உரைப்பர். வைகாசி முதற் புரட்டாசி வரை சோழகம் வீசுங் காலம். அப்போது மன்னார் வளைகுடாவும் இலங்கையின் தென்கரையும் கொந்தளிக்கும். கிழக்குக் கரை அமைதியாயிருக்கும். வாடை எழும் ஐப்பசி, கார்த்திகை, மார்கழியில் நிலைமை மாறும். 2023 ஒக்ரோபரில் நாகபட்டினத்துக்கும் காங்கேசன்துறைக்கும் தொடங்கிய பயணிகள் கப்பற் சேவை சில நாள்களிலேயே நிறுத்தப்பட்டு, 2024 ஆகஸ்டில் மீண்டதை வாசகர் நினைவுகூர்வர். சென்னைக் கப்பலின் இலங்கைப் பயணங்கள் சோழகக் காலத்திலேயே நிகழ்ந்தன. அம்பாந்தோட்டை தென்கடலின் அலைக்குத் திறந்த கரை. அத்துறைமுகத்தை அணுகும் இரவும் நீங்கும் இரவும் கப்பல் அசைதற்கு இடமுண்டு. ‘எம்பிரஸ்’ இக்காலப் பெருங்கப்பல்களோடு ஒப்பிடின் சிறியது. சிறிய கப்பல் கூடுதலாக அசையும். சிறப்புணவகங்களோ பல கப்பல்களில் மேற்றளங்களில் இருப்பன. அசைவு மிகக் குறைந்தவிடம் கீழ்த்தளத்தின் நடுப்பகுதி என்பது கப்பலோட்டிகள் அனைவரும் அறிந்தது. தலைசுற்றும் இரவில் மேற்றளத்து விருந்துக்குப் பணங்கட்டி வைத்தல், குடையின்றி மழைக்கு நாட் குறித்தது போலாம்.

ஆகவே என் கருத்திலே திருகோணமலை இரவே சிறந்தது. கடல் அமைதியாயிருக்கும். பகலிலே பிரட்றிக் கோட்டையின் உள்ளே நடந்து சுவாமிமலையேறிக் கோணேசரைத் தொழுது வந்தவர்க்குப் பசியும் உண்டாகும். முன்னுண்டது செரித்தபின் உண்க என்னும் வள்ளுவர் கருத்துக்கு ஏற்ற நாள் அதுவே. துறைமுகம் புகாது கடலிலேயே கழியும் நாளில் மனிதர் காலையிலிருந்து எதையேனும் மென்றுகொண்டேயிருப்பர். மாலைத் தேநீரோடு வடையும் கேக்கும் தின்றவர்க்கு எட்டு மணிக்கு நால்வகை உணவு வந்தென்ன பயன்?

ஆனால் ஒன்று. கோணேசர் தரிசனம் செய்த நாளிலே மச்சம் தொடாதவர் நம்முட் பலர். அத்தகையோர் அன்று மரக்கறி உணவு தருமிடத்தைத் தெரிக, அல்லது வேறு நாளை நாடுக. சோழகக் காலத்திலே ஆடியமாவாசையும் வரும். அதனையடுத்து நல்லூரிற் கொடியேறி இருபத்தைந்து நாள் திருவிழா நடக்கும். அந்நாள்களில் யாழ்ப்பாணத்து வீடுகள் பலவற்றில் மச்சம் சமையார். எம்மூரவர்க்கு ஜூலை 2ஆம் நாளும் ஆகஸ்ட் 15ஆம் நாளும் மடுத் திருவிழாக்கள். அந்நாள்களிற் கப்பலேற மனம் வராது. நாட்காட்டியைப் பாராது பயணத் தேதியையும் விருந்துத் தேதியையும் குறிப்பவர், ஆளுக்கு ஒரே கட்டணமுள்ள உணவகத்தில் இறைச்சிக்குரிய விலையைக் கொடுத்துக் கீரையும் கிழங்கும் உண்டு திரும்புவர்.

நீண்ட பயணங்களில் உடை விருந்தென்று ஓரிரவு உண்டு. அன்று பொதுச் சாலையிலேயே சிங்கி இறால் முதலிய உயர்ந்த பண்டங்களை மேற்பணமின்றி இடுவது பல கப்பல்களின் வழக்கம். அவ்விரவைச் சிறப்புணவகத்துக்குக் கொடுப்பது வீண். கடைசி இரவும் ஆகாது. பெட்டியைக் கட்டி அறைவாயிலில் வைக்கும் ஆரவாரம் அன்றுண்டு.

நாளைத் தெரிந்தபின் மணி. துறைமுக நாளிலே பயணிகள் திரும்பியேற வேண்டிய நேரத்தை முதலிற் பார்க்க. அதற்கு ஒன்றரை மணி நேரமேனும் கழித்து மேசையைக் குறிக்க. ஏழு மணியிலிருந்து எட்டரை வரை நெரிசல்; ஆறரைக்கும் எட்டரைக்குப் பின்னும் இடம் எளிதாகக் கிடைக்கும். முதியோர் உள்ள குடும்பம் ஆறரையைத் தெரிதலே நன்று. சிறப்புணவகத்திலே உணவு ஒன்றன்பின் ஒன்றாக மெல்ல வரும். நீரிழிவுக்கு மருந்தோ இன்சுலினோ எடுப்பவர், முதற் பண்டம் மேசைக்கு வரும் பொழுதைப் பரிமாறுவாரிடம் கேட்டறிந்து எடுத்தல் வேண்டும். இருக்கையில் அமர்ந்தவுடன் எடுத்துவிட்டு அரை மணி நேரம் காத்திருத்தல் ஆபத்து.

பதிவை எப்பொழுது செய்வது? இருவராயிற் கப்பலேறிய பின்னும் செய்யலாம். காலியிடம் பெரும்பாலும் அகப்படும். எட்டுப் பேர், பத்துப் பேராயிற் கரையிலிருக்கும்போதே செய்துவிட வேண்டும். இவ்வுணவகங்களின் மேசைகளிற் பல இருவர்க்கும் நால்வர்க்கும் ஆனவை. பெரிய மேசை ஒன்றோ இரண்டோ. கைப்பேசிச் செயலியிற் பத்துப் பேர்க்கு இடங்கேட்டால் இல்லையென்று விடைவரும். அதனைக் கண்டு மனந்தளர வேண்டா. நிறுவனத்தாரோடு தொலைபேசியிற் பேசி, அடுத்தடுத்த மேசைகளைச் சேர்த்துத் தரும்படி கேட்க. கப்பலேறிய பிற்பகலே உணவகத்துக்கு நேரிற் சென்று அதன் மேற்பார்வையாளரிடம் ஒருமுறை உறுதி செய்துகொள்க. பாட்டிக்குப் படியேறல் இயலாது, இன்னார் மச்சம் உண்ணார் என்பவற்றையும் அப்பொழுதே சொல்லிவிடலாம். மூன்றிரவு, ஐந்திரவு என்று சேர்த்து விற்கும் பொதிகள் ஏழு நாளுக்கு மேற்பட்ட பயணத்துக்கே ஏற்றவை. ஐந்து நாட் பயணத்தில் ஓரிரவு போதும்.

பதிவு செய்ததை நீக்குதற்கும் கெடு உண்டு. சில நிறுவனங்களில் ஒரு நாள் முன்னரும், சிலவற்றில் இரு நாள் முன்னரும் அறிவித்தாற் பணம் திரும்பும். அதன் பிறகு திரும்பாது. காலநிலை அறிக்கையை அக்கெடுவுக்கு முன் பார்த்துவிடுக. திருகோணமலையிலிருந்து கப்பல் வடக்கு நோக்கிச் செல்லும்போது மேற்குத் திசை இடப்பக்கமாகும். ஆனி, ஆடி மாதங்களிற் பொழுது படுவது மாலை ஆறரை மணியளவில். உணவகத்துக்கு இடப்பக்கச் சாளரம் இருக்குமாயின், பாட்டியாரை அந்தப் பக்கத்து நாற்காலியில் அமர்த்தும்படி முன்கூட்டியே சொல்லி வைக்கலாம். கரையும் அந்தப் பக்கத்தில்தான் இருக்கும்.