பணம் போட்டவருக்கு மாதம் ஒரு கடிதம்

தோட்டக் கணக்கை எழுதி மேலிடத்துக்கு அனுப்புவது பீர்மேட்டுத் தமிழருக்குப் புதிய சங்கதி அல்ல. மலையில் காப்பி போய்த் தேயிலை வந்த நாளிலிருந்தே, இத்தனை ராத்தல் கொழுந்து, இத்தனை ஆள், இத்தனை செலவு என்று எஸ்டேட் ஆபீசிலிருந்து கம்பெனிக்கு அறிக்கை போய்க்கொண்டிருந்தது. முதல் போட்டவர் தூரத்தில் இருந்தார். தோட்டத்தை அவர் பார்த்ததெல்லாம் அந்தத் தாளில்தான்.

இன்று ஏலப்பாறை, வண்டிப்பெரியார் பக்கத்துப் பிள்ளைகள் கொச்சியிலும் பெங்களூரிலும் மென்பொருள் வேலை பார்க்கிறார்கள். நாலு பேர் சேர்ந்து சொந்தமாகக் கம்பெனி தொடங்கும் ஆசையும் அவர்களுக்கு வருகிறது. ஆரம்பத்தில் அதில் விழும் பணம் பெரும்பாலும் வீட்டுப் பணம்: அப்பாவின் கிராஜுவிட்டி, மாமாவின் பி.எஃப்., அக்கா வீட்டுக்காரர் கல்ஃபிலிருந்து அனுப்பியது. இந்த முதலீட்டாளர்களிடம் ஒரு சிக்கல் உண்டு. அவர்கள் கணக்குக் கேட்க மாட்டார்கள். கேட்டா பையனைச் சந்தேகப்படுற மாதிரி ஆயிடுமோ என்று வாயை மூடிக்கொள்வார்கள். ஆகவே கேட்காமலே போய்ச் சேரவேண்டியது இந்த மாதக் கடிதம்.

ஆடிட்டர் வருடக் கணக்கு கொடுப்பாரே, அது போதாதா என்று சிலர் நினைக்கலாம். போதாது. மார்ச் 31-ல் முடியும் கணக்கை செப்டம்பர் 30-க்குள் பொதுக்கூட்டத்தில் வைத்தால் சட்டத்துக்குப் போதும். ஏப்ரலில் நடந்த தவறு பங்குதாரர் கண்ணில் படுவதற்கு ஒன்றரை வருடம்கூட ஆகலாம். புதுக் கம்பெனிக்கு அத்தனை ஆயுசு இருக்குமா என்பதே கேள்வி.

கடிதம் ஒரு பக்கம் இருந்தால் தாராளம். முதல் வரியிலேயே வங்கியில் இருக்கும் பணத்தைச் சொல்லிவிட வேண்டும். உதாரணமாக, கையிருப்பு 36 லட்சம், மாதச் செலவு ஐந்தரை லட்சம், வாடிக்கையாளரிடமிருந்து வருவது ஒன்றரை லட்சம் என்றால், மாதம் 4 லட்சம் கரைகிறது. 9 மாதம் தாங்கும். இந்த 9 என்ற எண்தான் கடிதத்தின் உயிர். அடுத்த மாதம் அது 8 ஆவது இயல்பு. 6 ஆகிவிட்டால் காரணம் எழுத வேண்டும். புதிய முதலீடு திரட்டவே பல மாதம் பிடிக்கும். 2 மாதம் இருக்கும்போது உதவி கேட்டால் யாராலும் ஒன்றும் செய்ய முடியாது. பால் கிரஹாம் என்ற அமெரிக்க முதலீட்டாளர் 2015-ல் எழுதிய கட்டுரையிலும் இதே கேள்விதான்: இப்போதுள்ள செலவும் வளர்ச்சியும் அப்படியே தொடர்ந்தால், கையிலுள்ள பணம் தீருமுன் கம்பெனி சொந்தக் காலில் நிற்குமா?

அடுத்து, வந்த வாடிக்கையாளர், போன வாடிக்கையாளர். வந்தவரை எல்லாரும் எழுதுவார்கள். போனவரை எழுதுவதுதான் கஷ்டம். இங்கே ஒரு தந்திரம் நடப்பதுண்டு. ஜனவரியில் பணம் கட்டுகிறவர்களை எண்ணுவார்கள். அது குறைந்தால் பிப்ரவரியில் பதிவு செய்தவர்களை எண்ணுவார்கள். தலைப்பு ஒன்றே, அளவுகோல் வேறு. ஈரக் கொழுந்தை ஒரு நாளும் உலர்ந்த தேயிலையை மறுநாளும் ஒரே பத்தியில் எழுதினால் கணக்கப்பிள்ளையை விட்டுவைப்பார்களா? எண்ணும் முறையை மாற்றினால், மாற்றினேன் என்று ஒரு வரி போட்டாக வேண்டும்.

சின்ன வித்தியாசம்தானே, அடுத்த மாதம் சரிக்கட்டிடலாம் என்ற எண்ணம் எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு ஹைதராபாத் சத்யம் நிறுவனமே சாட்சி. 2009 ஜனவரி 7 அன்று அதன் தலைவர் ராமலிங்க ராஜு இயக்குநர் குழுவுக்கு எழுதிய கடிதத்தில், கணக்கில் காட்டிய கையிருப்பில் 5,040 கோடி ரூபாய் இல்லவே இல்லை என்று ஒப்புக்கொண்டார். உண்மை லாபத்துக்கும் காட்டிய லாபத்துக்கும் ஆரம்பத்தில் சிறிய இடைவெளிதான் இருந்தது, வருடங்களில் அது பெருத்துவிட்டது என்பது அவர் சொன்ன விளக்கம். அது பெரிய கம்பெனி. ஆனால் வியாதி சின்னக் கம்பெனியிலும் அதேதான்.

நம் மாவட்டத்திலேயே இன்னொரு பாடம் உண்டு. 2005-ல் டாடா டீ மூணாறு தோட்டங்களிலிருந்து விலகியபோது கண்ணன் தேவன் ஹில்ஸ் பிளான்டேஷன்ஸ் கம்பெனி உருவானது. தொழிலாளர்களே பங்குதாரர் ஆனார்கள். அவர்களில் மிகப் பெரும்பாலோர் தமிழர். 2015 செப்டம்பரில், லாபம் குறைந்துவிட்டது என்று கம்பெனி 20 சதவீதமாக இருந்த போனஸை 10 ஆக்கியது. தமிழ்ப் பெண்கள் ஆயிரக்கணக்கில் ரோட்டில் உட்கார்ந்தார்கள். முடிவில் கருணைத்தொகையும் சேர்த்து 20 சதவீதம் பெற்றார்கள். அந்தப் போராட்டத்துக்குக் காரணங்கள் பல, கூலியும் லயத்தின் நிலையும் உட்பட. ஆனால் ஒன்றைக் கவனிக்கலாம்: பங்கு கையில் இருப்பவரிடம் லாபம் குறைந்தது என்ற காரணம் எடுபடவில்லை. சரிவின் கணக்கு மாதாமாதம் கண்முன் வராதவரை, கடைசியில் சொல்லும் எண்ணை யாரும் நம்ப மாட்டார்கள் என்பது என் கருத்து.

தேதி தவறக் கூடாது. மாதம் 5 என்றால் 5. நல்ல மாதத்தில் 3-ந் தேதியும் மோசமான மாதத்தில் 20-ந் தேதியும் கடிதம் வந்தால், படிக்கிறவருக்கு உள்ளே என்ன இருக்கும் என்று கவரைப் பார்த்தே தெரிந்துவிடும். உதவி கேட்பதையும் குறிப்பாகக் கேட்க வேண்டும். "எல்லாரும் ஆதரவு தாங்க" என்றால் யாரும் அசைய மாட்டார்கள். "கோட்டயத்தில் ஆஸ்பத்திரி நிர்வாகி யாரையாவது தெரியுமா?" என்றால் மாமா அன்றைக்கே போனை எடுப்பார்.

கம்பெனியை மூடவேண்டி வந்தாலும் கடிதம் உண்டு. 2000-க்குப் பின் தேயிலை விலை சரிந்தபோது பீர்மேட்டில் பல தோட்டங்களை முதலாளிகள் கைவிட்டுப் போனார்கள்; கூலி, பி.எஃப்., கிராஜுவிட்டி பாக்கியோடு குடும்பங்கள் லயத்திலேயே கிடந்தன. அந்த வீட்டுப் பிள்ளை நடத்தும் கம்பெனியில் 4 மாதப் பணம் மிச்சம் இருக்கும்போதே, ஊழியர் சம்பளத்துக்கு எவ்வளவு, வரிக்கும் கடனுக்கும் எவ்வளவு, அதற்கப்புறம் பங்குதாரருக்கு ஏதாவது திரும்புமா என்று அந்த வரிசையிலேயே எழுதி அனுப்பிவிடலாம்.