பூமி பிடியை விட்டால் ராஜகிரி உச்சிக்கு 2 நிமிடம்!
செஞ்சிக் கோட்டையில் ஒரு விந்தைக் கணக்கு

செஞ்சிக் கோட்டைக்குப் போய் வந்தவர்களுக்கு முழங்கால் வலி என்றால் என்ன என்று தெரியும்.

ராஜகிரி மலையின் உயரம் சுமார் 800 அடி. படி ஏற ஏற மூச்சு வாங்கும். பாதி வழியில் உட்கார்ந்துவிடுகிறவர்களும் உண்டு.

அப்போது ஓர் ஆசை வரும். "இந்த உடம்பு கனக்காமலே இருந்தால்?"

உடம்பு கனப்பதற்குக் காரணம், பூமி நம்மைக் கீழே இழுப்பதுதான். இதற்குப் புவி ஈர்ப்பு என்று பெயர். சரி, பூமி ஒரு நாள் இழுப்பதை நிறுத்திவிட்டது என்று வைத்துக்கொள்வோம். என்ன நடக்கும்?

பூமி ஓயாமல் சுழல்கிறது. அதோடு சேர்ந்து செஞ்சியும் சுற்றுகிறது. வேகம் மணிக்கு சுமார் 1,630 கிலோமீட்டர்!

சுற்றுகிற ராட்டினத்தில் கைப்பிடியை விட்டவன் வெளியே போய் விழுவான். பூமி பிடியை விட்டால் நம் கதியும் அதுதான்.

முதல் வினாடியில் ஒன்றரை சென்டிமீட்டர்தான் எழும்புவோம். யாருக்கும் தெரியாது. 10 வினாடியில் ஆள் உயரம். ஒரு நிமிடத்தில் 190 அடி. 2 நிமிடத்தில் 760 அடி. கிட்டத்தட்ட ராஜகிரி உச்சி! ஒரு படி கூட ஏறவில்லை. முழங்கால் வலி இல்லை.

இறங்குவது எப்படி?

இறங்கவே முடியாது. போய்க்கொண்டே இருக்க வேண்டியதுதான். கூடவே மலைமேல் தனித்தனியாகக் கிடக்கும் குண்டுக் கற்களும் மெல்லக் கிளம்பி வரும். காற்றும் போய்விடும். நாம் மூச்சு விடும் காற்றைப் பூமியோடு பிடித்து வைத்திருப்பதும் அதே இழுப்புதான்.

பூட்டு இல்லாத சிறை

கோட்டைக்குள் ஒரு பெரிய பாறை உண்டு. நடுவில் கிணறு போல ஆழமான குழி. கைதிக் கிணறு என்பார்கள். மரண தண்டனை பெற்றவர்களை அதில் தள்ளி, பட்டினி போட்டுச் சாகவிட்டார்கள் என்று வழிவழியாகச் சொல்கிறார்கள்.

அந்தச் சிறைக்குக் கதவு தேவையில்லை. பூட்டு தேவையில்லை. உள்ளே விழுந்தவனைப் பூமியே பிடித்து வைத்துக்கொண்டது. பூமி மட்டும் ஒரு நிமிடம் கண்ணயர்ந்திருந்தால், கைதி மிதந்தபடி மேலே வந்திருப்பான். காவலாளியும் மிதந்துகொண்டிருப்பான் என்பது வேறு விஷயம்!

எட்டு ஆண்டு முற்றுகை

ஈர்ப்பு விதியை விளக்கி நியூட்டன் எழுதிய புத்தகம் 1687-ல் இங்கிலாந்தில் வெளிவந்தது. மூன்றே ஆண்டில், 1690-ல், அவுரங்கசீப்பின் படை செஞ்சியைச் சூழ்ந்தது. தளபதி சுல்பிகர் கான். கோட்டைக்குள் இருந்தவர் சிவாஜியின் மகன் ராஜாராம்.

நியூட்டன் என்ற பெயரை இரு தரப்பிலும் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். ஆனாலும் அவருடைய விதி கோட்டைக்குள் இருந்தவர்கள் பக்கம் நின்று வேலை செய்தது. மேலே இருப்பவன் கல்லை விட்டால் போதும். 800 அடி நேராக விழும் கல், 7 வினாடியில் தரைக்கு வந்துவிடும். காற்றுத் தடையைச் சேர்க்காவிட்டால், தரையைத் தொடும்போது அதன் வேகம் மணிக்கு 250 கிலோமீட்டர்! கீழே இருப்பவனோ தன் உடம்பையே சுமந்துகொண்டு ஏற வேண்டும்.

சுமார் 8 ஆண்டுகள் ஆயின. 1698-ல்தான் கோட்டை விழுந்தது. அதற்குள் ராஜாராம் தப்பிவிட்டார்.

இத்தனை காலம் தண்ணீர் இல்லாமல் தாக்குப்பிடிக்க முடியுமா? மலையில் சுனைகள் இருந்தன. கீழே குளங்கள் இருந்தன. கோட்டைக்குள் இருக்கும் கல்யாண மகாலைப் பார்த்தால் இன்னும் வியப்பு. எட்டு அடுக்குக் கட்டிடம். அதன் மேல் மாடிகளுக்கு மண் குழாய் வழியாகத் தண்ணீர் ஏறியதாம். மோட்டார் ஏது அந்தக் காலத்தில்?

உயரமான இடத்தில் தேங்கிய தண்ணீரைக் குழாயில் விட்டால் அது முதலில் கீழே இறங்கும். பிறகு, புறப்பட்ட மட்டத்தை எட்டப் பார்த்து மறுமுனையில் மேலே ஏறும். ஏற்றிவிடுவது எது? கீழே இழுக்கும் அதே ஈர்ப்பு! ஈர்ப்பு இல்லையென்றால் தேக்கத்துத் தண்ணீர் தேக்கத்திலேயே கிடந்திருக்கும். கிடக்கவும் செய்யாது, உருண்டை உருண்டையாக மிதக்கும்.

முடிச்சு அவிழும், துணி பிரியும்

இன்னொரு விதியையும் கழற்றிப் பார்க்கலாம். அது உராய்வு. ஒன்றோடு ஒன்று உரசும்போது ஏற்படும் பிடிமானம்.

செஞ்சி மலைகளில் கல்மேல் கல்லாக அடுக்கி வைத்தது போல் பாறைகள் குந்தியிருக்கின்றன. "இப்போது உருளுமோ, அப்போது உருளுமோ" என்று பார்க்கிறவர்களுக்குத்தான் பயம். சரிவில் நிற்கும் கல்லை வழுக்காமல் பிடித்து நிறுத்துவது உராய்வு. அது போய்விட்டால் அத்தனை கல்லும் சறுக்கிக்கொண்டு செஞ்சி ஊருக்குள் வந்துவிடும்.

ஓடித் தப்பலாமா? முடியாது. கால் தரையில் ஊன்றாது. பஸ் சக்கரம் நின்ற இடத்திலேயே சுற்றும். நெல் மூட்டையின் வாய்க்கயிறு அவிழும். சுவரில் அடித்த ஆணி கழன்று விழும். வேட்டி இடுப்பில் நிற்காது என்பது மட்டும் அல்ல, நூலோடு நூல் பிடித்துக்கொள்ளாமல் வேட்டியே பிரிந்துவிடும்!

1750-ல் பிரெஞ்சுத் தளபதி புஸ்ஸி ஒரே இரவில் இந்தக் கோட்டையைப் பிடித்தார். உராய்வு இல்லாதிருந்தால் அவருடைய சிப்பாய்கள் ஒரு படி ஏறியிருக்க முடியாது. காவலுக்கு நின்றவர்களும் துப்பாக்கியைக் கையில் பிடித்திருக்க முடியாது. 1714-ல் போரில் மாண்ட தேசிங்கு ராஜாவின் குதிரையோ, லாயத்தை விட்டே கிளம்பியிருக்காது.

மிதந்து வாழ்ந்தவர்கள்

கனம் இல்லாமல் வாழ்வது எப்படி என்று சொல்லக்கூடிய ஆட்கள் இருக்கிறார்கள். சுனிதா வில்லியம்ஸ் 2024 ஜூன் முதல் 2025 மார்ச் வரை விண்வெளி நிலையத்தில் மிதந்தார். அங்கே ஈர்ப்பு அடியோடு இல்லை என்று பலரும் நினைக்கிறார்கள். அது தவறு. தரையில் இருப்பதில் 10-க்கு 9 பங்கு ஈர்ப்பு அங்கேயும் உண்டு. நிலையமும் ஆளும் சேர்ந்தே பூமியைச் சுற்றி விழுந்துகொண்டிருப்பதால் கனம் தெரிவதில்லை.

அங்கே தீச்சுடர் கூட மேல்நோக்கி எரியாது. உருண்டையாக நிற்கும். நம் வீட்டு விளக்கின் சுடர் கூம்பாக நிமிர்ந்து நிற்பதும் ஈர்ப்பின் வேலைதான். கனமான குளிர்காற்று கீழே வந்து, லேசான சூட்டுக் காற்றை மேலே தள்ளுகிறது.

மிதப்பதற்கு விலை உண்டு. கனத்தைத் தாங்காத எலும்பு மெலிகிறது, தசை சுருங்குகிறது. அதனால் அங்கே இருப்பவர்கள் தினமும் சுமார் 2 மணி நேரம் உடற்பயிற்சி செய்கிறார்கள். செஞ்சியில் அந்தப் பயிற்சியைப் படிக்கட்டே கொடுத்துவிடுகிறது.

2025 ஜூலையில் யுனெஸ்கோ, மராட்டியர் கோட்டைகள் பன்னிரண்டை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. அவற்றில் செஞ்சியும் ஒன்று.

மலை ஏற நினைப்பவர்கள் காலையிலேயே கிளம்பிவிடுவது நல்லது. வெயில் ஏறினால் பாறை சுடும். மழை தூறினாலோ பாறையில் உராய்வு குறைந்துவிடும். அந்த மாதிரி நேரத்தில் வீறாப்பாக ஏறியவர்கள் கூட, செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, சுவரைத் தொட்டுத் தொட்டு, உட்கார்ந்து உட்கார்ந்து இறங்குகிறார்கள்.